காலை ஒன்று, வெறும் வயிற்றில்

நைனா செத்த அன்றைக்கு எனக்கு நன்றாகப் பசித்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கல்லறையிலிருந்து திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும், பக்கத்து வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த எலுமிச்சம்பழச் சாதத்தை இரண்டு தட்டு தின்றேன். அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே சுவர் ஓரமாகப் படுத்துத் தூங்கிவிட்டேன். நடுவில் லேசாக விழித்தபோது, நான் இன்னும் தூங்குவதாக நினைத்துக்கொண்டு சித்தி ஒருத்தி பேசியது என் காதில் விழுந்தது.

"அப்பன மண்ணுல போட்டுட்டு வந்து இன்னா தூக்கம் தூங்குது பாரு. கல்லு மாரி கீது."

"வுடு. அது ஒடம்பு அப்டி" என்றாள் அம்மா. அம்மா சொன்னதில் பாதி சலிப்பு இருந்தது.

என் உடம்பு அப்படித்தான் இருந்தது. பத்தொன்பது வயதில் ஆரம்பித்தது. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஒரு ஏற்றுமதி கம்பெனியில் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று உடம்பு போட ஆரம்பித்தது. எல்லாரையும் போலத்தான் சாப்பிட்டேன். மேற்பார்வை பார்க்கிற பொம்பளை வந்து தட்டி எழுப்பும் அளவுக்கு மெஷின் முன்னாலேயே தூங்கினேன். மே மாதத்தில் எல்லாரும் வேர்த்து வழியும்போது எனக்கு ஃபேன் காற்று குளிரும். குரல் ஆம்பளைக் குரல் மாதிரி ஆனது. கம்பெனியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டில் எல்லாரும் சோம்பேறி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நைனா ஹார்பரில் வின்ச் ஓட்டினார். கப்பலிலிருந்து சரக்கு தூக்கி இறக்குகிற மெஷின். பஞ்சு மூட்டையை அழுத்திக் கட்டி, இரும்புப் பட்டை போட்டு வரும் பெரிய பொதிக்கு அங்கே பேல் என்று பேர். என்னை அவர் பேலு என்றுதான் கூப்பிடுவார். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் எனக்கு அழுகை வந்திருக்கும். நைனா கூப்பிட்டால் வராது.

"பேலுன்னா இன்னா தெரியுமா? தூக்கசொல்ல வின்ச்சே முக்கும். ஆனா கீழ உய்ந்தா ஒண்ணும் ஆவாது. அப்டியே துள்ளிக்கினு நிக்கும்" என்பார்.

அவர்தான் ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த லேடி டாக்டர் என் கழுத்தைத் தடவிப் பார்த்தார், எச்சில் விழுங்கச் சொன்னார், ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார். ரிசல்ட் வந்ததும், கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது, அது சரியாக வேலை செய்யவில்லை, ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டும் என்றார். நைனா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றுகொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"கேட்டுக்கோ. சோம்பேறி எம் பொண்ணு இல்ல. அவ கய்த்துக்குள்ள ஒண்ணு கீது, அத்து சோம்பேறி. இனிமே எவனாவது இவள எதுனா சொன்னீங்க, மவனே கீசிடுவேன்."

அம்மாவைப் போய் மவனே என்றாரே என்று தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மாத்திரை நூறு நூறாகப் பாட்டிலில் வரும். பழுப்புக் கண்ணாடிப் பாட்டில். நைனாவுக்குக் கையெழுத்துப் போடுவதே ஒரு வேலை. ஆனால் பாட்டில் வாங்கும்போதெல்லாம் வெள்ளை பிளாஸ்டரைக் கிழித்து ஒட்டி, அதன்மேல் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிவிடுவார். 'காலை 1 வெரும் வயிறு.' அந்த 'ரு' தப்பு என்று தங்கச்சி சொல்வாள். மாற்ற மாட்டார். காலை ஷிப்டுக்குக் கிளம்பும் முன்னால் டம்ளரில் தண்ணீர் எடுத்துவந்து, என் காலைத் தன் காலால் இடித்து எழுப்பி, நான் விழுங்குகிற வரை நிற்பார்.

மாத்திரை போட ஆரம்பித்து ஒரு வருடத்தில் குளிர் போனது, குரல் கொஞ்சம் திரும்பியது. எடை மட்டும் பெரிதாக இறங்கவில்லை. போகப் போகத்தான் இறங்கும் என்றார் டாக்டர். கடைசிப் பாட்டிலை நைனா ஒரு சனிக்கிழமை வாங்கி வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை வேலையில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

எங்களுடையது தண்டையார்பேட்டை பக்கம் ஹார்பர் குவார்ட்டர்ஸ். ஆள் செத்துவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆனால் வேலையில் இருக்கும்போதே செத்தால் வாரிசுக்கு ஒரு வேலை தருவார்கள். அது கிடைத்தால் வீடும் நிற்கும். பத்தாவது நாள் யூனியன்காரர் ஃபாரம் எடுத்துக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. தங்கச்சி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ எட்டாவது பட்ச்சிகிறதே போதும்மா" என்றார் யூனியன்காரர். "ஆபீசுல ஃபைல் தூக்குற வேல போட்டுக் குடுப்பாங்க. ஒண்ணே ஒண்ணு, மெடிக்கல்ல பாஸ் ஆவணும். ஹார்பர் ஆஸ்பத்திரில கூப்புடுவாங்க. ரெண்டு மூணு மாசம் ஆவும்."

மெடிக்கல் என்றதும் அம்மா என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். வாய்விட்டுத் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

மாடி வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். புருஷன் ஹார்பரில் வேலை. அவள் ஒரு பியூட்டி பார்லரில் புருவம் எடுக்கிற வேலை செய்தாள். சாவு வீட்டுக்குத் தினமும் ஒரு வேளை அவள்தான் சோறு கொண்டுவந்தாள். அன்றைக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போக வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏம்மே, நெசத்த சொல்றேன், கோச்சிக்காத. எந்தம்பி போலீசு செலக்சனுக்குப் போனான் இல்ல? ஒசரம் பாத்தாங்கோ, நெஞ்சளவு பாத்தாங்கோ, வெயிட்டு பாத்தாங்கோ. ரெண்டு கிலோ கொறச்சல்னு அட்ச்சு தொரத்திட்டாங்கோ. ரெண்டே கிலோ! நீ இந்த ஒடம்ப வெச்சிக்கினு போனா இன்னா ஆவும்?"

"அவன் கொறச்சல்தான? நான் ஜாஸ்தி தான?"

"கொறச்சலுக்கே தொரத்துறவன் ஜாஸ்திக்கு மால போட்டு வரவேப்பானா? கவர்மெண்டு வேலன்னா எல்லாத்துக்கும் ஒரு அளவு கீது."

எனக்கு அது சரியென்றுதான் பட்டது. போலீஸ் செலக்சனும் ஹார்பர் மெடிக்கலும் ஒன்றா என்று கேட்க எங்கள் லைனில் ஆள் இல்லை. கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் நைனாதான்.

அடுத்த நாள் அந்த அக்கா ஒரு அட்டை கேப்சூல் கொண்டுவந்தாள். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் வெள்ளை. அவள் பார்லருக்கு வருகிற கல்யாணப் பெண்கள் போடுவதாம். அவளே கல்யாணத்துக்கு முன்னால் மூன்று மாதம் போட்டாளாம். பசியே எடுக்காதாம். தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே தருவார்களாம்.

"நான் தைராய்டு மாத்திர போட்டுகினு கீறேனே, ஒண்ணும் ஆவாதா?"

"அத்து கய்த்துக்கு. இத்து வயித்துக்கு. ரெண்டும் வேற வேற ரூட்டு பஸ்ஸு, எங்கியும் இடிச்சிக்காது."

தயங்கித் தயங்கித்தான் போட்டேன். மூன்று நாளில் பசி நின்றது. அது எப்படி இருந்தது என்றால், வீட்டில் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ அணைத்துவிட்ட மாதிரி. வாய் காய்ந்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. தூக்கம் குறைந்தது. நெஞ்சு அவ்வப்போது கோழிக்குஞ்சு மாதிரி அடித்துக்கொண்டது.

இதே நேரத்தில் நான் இன்னொரு காரியம் செய்தேன். அதை இப்போது எழுதும்போது எனக்கே புரியவில்லை. பழுப்புப் பாட்டிலைத் தினமும் எடுத்துப் பார்ப்பேன். உள்ளே மாத்திரை குறைந்துகொண்டே வந்தது. இது காலியானால் அடுத்த பாட்டிலை நைனா வாங்க மாட்டார். அந்தப் பிளாஸ்டரை யாரும் எழுத மாட்டார்கள். பாட்டில் காலியாகக் கூடாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டேன். அப்புறம் மூன்று நாளைக்கு ஒன்று. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போகும் முன்னால் ஒன்று. மாத்திரைதான் வைத்தியம், பாட்டில் வெறும் பாட்டில் என்று யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா? தெரியவில்லை. யாருக்கும் தெரியாமல்தானே செய்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. எங்கள் சொந்தத்தில் அதுவரை கவிச்சி சமைக்க மாட்டோம். முப்பதாம் நாள்தான் முதலில் மீன் வாங்குவோம். செத்தவருக்குப் பிடித்த மீனாக வாங்கிக் குழம்பு வைத்து, முதல் தட்டை மூத்த பிள்ளைக்குப் போடுவார்கள். அந்தப் பிள்ளை ஒரு வாய் தின்ற பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். நைனாவுக்குச் சங்கரா மீன் உயிர். அம்மா ஒரு கண்ணை வைத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கி வந்திருந்தாள். தட்டு என் முன்னால் வந்தது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிசைந்து வாயில் வைத்தேன். காய்ந்த வாயில் சோறு மணல் மாதிரி இருந்தது. மென்றேன். இறங்கவில்லை. தண்ணீர் குடித்தேன், தண்ணீர் போனது, சோறு நின்றது. கடைசியில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து குழாயடிக்கு ஓடினேன்.

திரும்பி வந்தால் வீடே அழுதுகொண்டிருந்தது. கல்லு மாதிரி இருக்கிறாள் என்று சொன்ன அதே சித்தி என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அய்யோ எங் கண்ணு! அப்பன் துன்ன மீனு தொண்டையில எறங்கலியே! இப்டி உருகிப்பூட்டியே! நான் பாவி இன்னா பேச்சு பேசினேன்!"

அம்மாவும் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதாள். சின்ன வயதுக்குப் பிறகு அம்மா என்னை அப்படிப் பிடித்தது அன்றைக்குத்தான். என்ன சொல்வது? இது நைனாவுக்காக இல்லை, நீல கேப்சூலுக்காக என்றா? ஆனால் அந்த நேரத்தில் எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. ஒருவேளை நைனாவுக்காகத்தானோ என்னவோ. பசி இல்லாமல் இருப்பதுதான் துக்கமோ? பசித்த அன்றைக்கு எனக்குத் துக்கம் இல்லையா? நாற்பது பேர் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்றும் நினைத்தேன். அந்தப் பேர் எனக்குப் பிடித்தும் இருந்தது. உருகிப்போன பெண். அதை விட மனசு வரவில்லை.

குவார்ட்டர்ஸுக்கு வெளியே மெயின் ரோட்டில் ஒரு காயலான் கடை. பழைய இரும்பு வாங்குகிற கடை. அதன் முதலாளி நைனாவுக்குத் தோஸ்து, மாமா என்று கூப்பிடுவேன். அவர் கடையில் இரும்பு எடை போடுகிற பெரிய தராசு இருந்தது, மேலே ஆள் ஏறி நிற்கலாம். கேப்சூல் ஆரம்பித்த அன்று அதில் ஏறினேன். கம்பியில் குண்டை நகர்த்தி அவர்தான் படிப்பார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"எம்பத்தாறு. பய்ய இரும்பு வெலைக்கி எடுத்தாலே நீ பணக்காரி."

பதினைந்து நாள் கழித்துப் போனேன். "எம்பத்தி மூணு" என்றார். அப்புறம் எண்பது. அப்புறம் எழுபத்தெட்டு. ஒவ்வொரு தடவையும் எனக்குச் சந்தோஷம் தாங்காது. "பாத்தியா கண்ணு, கொறயுது" என்று அவரும் சிரிப்பார்.

ஆனால் வீட்டுக்கு வந்தால் ஒன்றும் ஒத்துவரவில்லை. தராசு இளைத்துவிட்டாய் என்றது. பார்க்கிறவர்கள் எல்லாம் உருகிவிட்டாய் என்றார்கள். செருப்பு மட்டும் காலில் நுழையவில்லை. பாதம் பன் மாதிரி இருந்தது. காலையில் கண் இமை வீங்கியிருந்தது. ஜாக்கெட்டின் கை பிடித்தது. பழையபடி குளிர ஆரம்பித்தது, ஆனால் நெஞ்சு படபடவென்று அடித்தது. பகலில் ரேஷன் கடை வரிசையில் நின்றபடியே கண் சொக்கும், ராத்திரி தூக்கம் வராது. யாருடைய உடம்பையோ மாற்றிக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. அழுகை மட்டும் வரவே இல்லை. கல்லறைக்குப் போய் உட்கார்ந்தேன், வரவில்லை. வாய் காய்ந்த மாதிரி கண்ணும் காய்ந்துவிட்டது போல என்று நினைத்தேன்.

மெடிக்கலுக்குக் கடுதாசி வந்தது. ஐந்து நாள்தான் இருந்தது. மாடி அக்காவிடம் காலைக் காட்டினேன். அவள் விரலால் அழுத்தினாள், குழி விழுந்தது.

"இன்னாமே இத்து? அந்தத் தைராய்டு மாத்திர ஒய்ங்கா போடுறியா நீ?"

"போட்டுகினுதான் கீறேன்" என்று பொய் சொன்னேன்.

"போடு போடு. வெயிட்ட எறக்குறதே அத்துதானாம். பார்லருக்கு வர்ற நர்சம்மா சொல்லிச்சு."

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. நான் மிச்சம் பிடித்தது எல்லாம் எனக்கு எதிராகத் திரும்பிவிட்டது போல. போடாமல் விட்டதை எல்லாம் சேர்த்துப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். ஸ்கூலில் வீட்டுப்பாடம் எழுதாமல் விட்டால் அடுத்த நாள் இரண்டாக எழுதச் சொல்வார்களே, அந்த மாதிரி. தினமும் காலையில் நான்கு மாத்திரை. அதன்மேல் கேப்சூல். பாட்டிலைக் கவிழ்க்கும்போது அந்தப் பிளாஸ்டரைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டேன். 'காலை 1' என்று எழுதியிருந்ததே.

மெடிக்கல் அன்று காலை ஒன்றும் சாப்பிடாமல் அம்மாவோடு பஸ்ஸில் போனேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் வாரிசுதான். ஒரு பையன் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். முதலில் உயரம். அப்புறம் எடை. அங்கே இருந்த மிஷினில் முள் எனக்கே தெரிந்தது. எண்பத்தேழு.

"சிஸ்டர், மிஷின் ரிப்பேரா கீதா?" என்றேன்.

"காலையில இருந்து நீ ஒருத்திதான் அப்படிக் கேட்குற. எறங்கு."

எண்பத்தாறில் ஆரம்பித்து, இரண்டரை மாதம் பட்டினி கிடந்து, எண்பத்தேழு. எனக்கு நெற்றியில் வேர்த்தது. டாக்டர் அறைக்குள் போகும்போது நெஞ்சு இடிக்கிற சத்தம் என் காதுக்கே கேட்டது. வயதான லேடி டாக்டர். என் மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் பிடித்தார். பிரஷர் பார்த்தார். என்னைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மூன்று பேர் போன பிறகு திரும்பப் பார்த்தார். அப்படியேதான் இருந்தது.

"பயமா இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"படுத்திருக்கிறப்பவே நூத்தி இருபதுக்கு மேல ஓடுது. கை நடுங்குது. என்ன சாப்பிடுற?"

"ஒண்ணும் துன்றதே இல்ல டாக்டர்" என்றேன். பெருமையாகச் சொன்னேன்.

"சோத்தைக் கேட்கல. என்ன மாத்திரை சாப்பிடுற?"

முதலில் ஒன்றுமில்லை என்றேன். அவர் என் கழுத்தைத் தொட்டார். நைனாவோடு போனபோது அந்த டாக்டர் தொட்டாரே, அதே இடத்தில். எச்சில் விழுங்கு என்றார். விழுங்க எச்சில் இல்லை. அங்கேதான் உடைந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேப்சூல், பாட்டில், பிளாஸ்டர், மிச்சம் பிடித்தது, நான்கு நான்காகப் போட்டது, எல்லாம். வரிசையாகச் சொல்லத் தெரியாமல் முன்னும் பின்னுமாகச் சொன்னேன். வெளியே பெஞ்சில் இருந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டு அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னார்கள்.

"வெயிட்டுக்காக உன்னை யாரும்மா ஃபெயில் பண்ணுவாங்க?" என்றார் டாக்டர். "ஃபைல் தூக்குற வேலைக்கு எண்பத்தேழு கிலோ இருந்தா என்ன, நூறு கிலோ இருந்தா என்ன? எடைன்னு ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்கு, எழுதிக்குவோம், அவ்வளவுதான். ஆனா இந்த நாடித் துடிப்பை வெச்சுக்கிட்டு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

அம்மா அவர் காலைத் தொடக் குனிந்தாள். "டாக்டரம்மா, இவ அப்பாவுக்கும் நெஞ்சுதான். இந்த வேல இல்லேன்னா வூட்ட வுட்டுத் தொரத்திடுவாங்க. பாஸ்னு போட்டுடும்மா."

"பாஸ் போட்டு அனுப்பி, இவளும் ஒரு நாள் நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்தா?"

டாக்டர் ஒரு தாளில் எழுதினார். தற்காலிகமாகத் தகுதியில்லை, ஆறு வாரம் கழித்து வரவும். ஃபெயில் இல்லை, தள்ளி வைத்திருக்கிறேன், அதுவரை வீட்டை ஒன்றும் செய்ய மாட்டார்கள், பயப்படாதே என்றார். கேப்சூலை அன்றோடு நிறுத்தச் சொன்னார். தைராய்டு மாத்திரையை ஒரு வாரம் விட்டுவிட்டு, அப்புறம் தினமும் ஒன்று, ஒன்றே ஒன்று. என்னிடம் மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"டாக்டர், ஒண்ணு கேக்கலாமா? எனக்கு அய்வே வர்ல. அத்து மாத்திரயாலயா, கய்த்தாலயா, இல்ல எனக்கு நைனா மேல பாசமே இல்லியா?"

அவர் பேனாவை மூடினார். "எனக்குத் தெரியலம்மா" என்றார். அவ்வளவு படித்தவர் தெரியலை என்று சொன்னது எனக்கு எப்படியோ ஆறுதலாக இருந்தது.

பஸ் ராயபுரம் தாண்டியதும் அம்மா கேட்டாள்.

"முப்பதாம் நாளு மீனு எறங்கல இல்ல. அத்தும் அந்த மாத்திரதானா?"

"தெரியலம்மா."

"பொய் சொல்லாத."

"மெய்யாலுமே தெரியலம்மா."

நேராகக் காயலான் கடைக்குப் போனேன். மாமா என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "எம்பத்தேழு மாமா" என்றேன். பழைய சைக்கிள் ரிம் ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"இன்னா பண்ண சொல்ற கண்ணு? மொத தபா எம்பத்தாறு சொன்னேன், அத்து நெசம். ரெண்டாந் தபா எம்பத்தி ஏயி இருந்திச்சி. உம் மூஞ்சி இருந்த இருப்புல எனக்கு சொல்ல வாய் வர்ல. அப்பன் செத்த புள்ள, ஒரு சின்ன சந்தோசம் பட்டுக்கினு போவட்டுமேன்னு... நீ மெடிக்கலுக்கு பாக்குறேன்னு எனக்கு இன்னா தெரியும்? இரும்பு விக்கிறவன்கிட்ட ஆயிரம் பொய் சொல்லிகீறேன், அதுல எல்லாம் ஒரு கொறயும் வர்ல. இதுல வந்துச்சு பாரு."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் மேல் எல்லாரும் இரக்கப்பட்டுத்தான் பொய் சொல்லியிருந்தார்கள். நானும் அந்த மாதிரிதான் அவர்களை நம்ப விட்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து மாத்திரை மறுபடி ஆரம்பிக்க வேண்டிய அன்று காலையில் அம்மா என் காலை இடித்து எழுப்பினாள். கையில் டம்ளர் தண்ணீர். இன்னொரு கையில் பழுப்புப் பாட்டில், கழுத்து வரை நிறைய மாத்திரை. அம்மா புதுப் பாட்டில் வாங்கி, அதிலிருந்த மாத்திரையை எல்லாம் நைனாவின் பாட்டிலில் கொட்டிவிட்டிருந்தாள். புதுப் பாட்டிலில் ஏற்கெனவே மிளகு போட்டு வைத்துவிட்டாள்.

"இத்த பண்றதுக்கு பத்து பைசா அறிவு வேணாமா? உங்கப்பன் மாரியே இன்னாத்தயாவது நெஞ்சுல வெச்சிக்கினு கெடக்குறது. முய்ங்கு" என்றாள்.

அவள் ஒரு கண்ணால் பிளாஸ்டரைப் பார்த்து, எழுத்துக்கூட்டி, "காலை ஒண்ணு" என்று படித்துவிட்டு ஒன்றே ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள்.

ஆறு வாரம் கழித்துப் போனபோது நாடி எழுபத்தாறு. எடை எண்பத்தைந்து. டாக்டர் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் வேலைக்குப் போனேன். ஒரு ஆபீசிலிருந்து இன்னொரு ஆபீசுக்கு ஃபைல் தூக்குகிற வேலை. வீடு நின்றது.

முதல் வாரம் கேண்டீனில் மத்தியானச் சாப்பாடு. சாம்பார், முட்டைக்கோஸ், அப்பளம். எனக்குப் பயங்கரமாகப் பசித்தது. மாதக்கணக்காக வராத பசி. கூட வேலை செய்கிற ஒரு வயதான அம்மா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நைனாவைத் தெரிந்தவர்.

"நீ வின்ச்சுக்காரரு பொண்ணுதான? அப்பன் மேல உசுரா இருந்து ஒண்ணும் துன்னாம கெடந்தியாமே. சொன்னாங்க. இப்ப பரவால்ல போல. நல்லா துன்ற."

அதில் குத்தல் இருந்ததா, சந்தோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை. வாயில் சோறு இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஒரு கப்பலிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது, வலைக்குள் மூட்டை. சாம்பார் உப்பாக இருந்தது. அப்போதுதான் கவனித்தேன், உப்பு சாம்பாரில் இல்லை. மூக்கிலும் கன்னத்திலும் ஒழுகிக்கொண்டிருந்தது.

"அய்ய, நான் சும்மாதாம்மே சொன்னேன். துன்னாத, வெச்சிட்டு மூஞ்சி கய்வினு வா" என்றார் அந்த அம்மா, பதறிப்போய்.

நான் தட்டை வைக்கவில்லை. அழுதுகொண்டேதான் தின்றேன். ஐந்து மாதம் கழித்து அழுகை வந்தது மாத்திரை சரியானதாலா, வேலை கிடைத்ததாலா, இவ்வளவு நாள் கழித்துத்தான் அவர் செத்தது எனக்குத் தெரிந்ததாலா, இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அன்றைக்குப் பரிமாறுகிறவர் பக்கத்தில் வந்து நின்று, என் மூஞ்சியையும் காலித் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் போடுண்ணா" என்று தட்டை நீட்டினேன்.